ஹெச்.ஈ. 771

2019 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி விடுமுறை. இரவு சாப்பிட்டுவிட்டு போனைத் தடவிக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், பிராட்லி விமான நிலையத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து பி-17 குண்டுவீச்சு விமானம் ஒன்று விழுந்து எரிந்துவிட்டது. 'நைன்-ஓ-நைன்' என்று பெயர். காலிங்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு அதை ஊர் ஊராகக் கொண்டுபோய், பணம் கட்டியவர்களை ஏற்றிக்கொண்டு பறந்து காட்டும். நம் ஊர்ப் பொருட்காட்சி ராட்டினம் மாதிரிதான், ஆனால் நிஜமான போர் விமானம். அன்றைக்கு ஏறியவர்களில் ஐந்து பேரும் விமானிகள் இரண்டு பேரும் இறந்துபோனார்கள்.

நான் சூலூர் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். தலைக்கு மேலே சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓடுகிற பழக்கம் முப்பது வயதுக்குப் பிறகும் போகவில்லை. ஆகவே அந்தச் செய்தியோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. அந்த அமைப்பிடம் வேறு என்னென்ன விமானங்கள் இருக்கின்றன என்று தேடிக்கொண்டே போனேன். பி-17 கூடவே ஊர் ஊராகச் சுற்றிய இன்னொன்று பி-24 லிபரேட்டர். பக்கவாட்டில் 'விட்ச்கிராஃப்ட்' என்று எழுதியிருந்தது. சரி, இது எந்தப் போர்முனையில் பறந்தது என்று வரலாற்றைப் பார்த்தால், நடுவில் ஒரு வரி: இந்திய விமானப்படை, ஹெச்.ஈ. 771.

அதற்கு அடுத்த வரியைப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. அந்த விமானத்தை மறுபடி பறக்க வைத்த இடம் பெங்களூர், ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலை. அப்போது நான் உட்கார்ந்திருந்த முருகேஷ்பாளையா மாடி வீட்டின் பால்கனியிலிருந்து அந்தத் தொழிற்சாலையின் ஓடுபாதைப் பக்கத்து மரங்கள் தெரியும்.

*

லிபரேட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா செய்த போர் விமானங்களிலேயே எண்ணிக்கையில் அதிகமானது இதுதான், 18,000-க்கும் மேல். டெட்ராய்ட் பக்கத்தில் வில்லோ ரன் என்ற இடத்தில் ஃபோர்டு கம்பெனி, கார் செய்கிற மாதிரியே வரிசையில் நகர்த்தி இதைச் செய்தது. உச்சத்தில் மணிக்கு ஒரு விமானம் வெளியே வந்ததாம். நான்கு எஞ்சின்கள். மெலிந்து நீண்ட இறக்கை, முனைக்கு முனை 110 அடி. பின்னால் இரட்டை வால். பெட்டி மாதிரி உடம்பு. அழகான விமானம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பி-17 படகு மாதிரி வளைந்து நிற்கும், லிபரேட்டரோ சரக்கு லாரி. ஆனால் பி-17-ஐவிட அதிக தூரம் போகும், அதிக பாரம் தூக்கும். பசிபிக்கிலும் பர்மாவிலும் கடலும் காடுமாய் விரிந்த போர்முனைகளுக்கு அந்தத் தூரம்தான் வேண்டியிருந்தது. அப்படித்தான் பிரிட்டிஷ் விமானப்படையின் லிபரேட்டர்கள் இந்தியாவுக்கு வந்தன.

அவை பிரிட்டன் காசு கொடுத்து வாங்கியவை அல்ல. லெண்ட்-லீஸ் என்ற ஏற்பாட்டில் அமெரிக்கா போர் முடியும்வரை கொடுத்துவைத்தவை. போர் முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது காசு கொடுக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் பயன்படாதபடி அழித்துவிட வேண்டும். அமெரிக்காவுக்கே அப்போது விமானங்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. பிரிட்டனிடமோ பணம் இல்லை. எனவே மூன்றாவது வழி.

இந்தியாவில் கிடந்த லிபரேட்டர்களைக் கான்பூர் அருகே சகேரி தளத்தில் கொண்டுபோய்க் குவித்தார்கள். கிளம்புவதற்கு முன் அவற்றை உருப்படாமல் செய்துவிட்டுப் போனார்கள். உடம்பில் லாரியை விட்டு மோதியது, எஞ்சினுக்குள் மண்ணைக் கொட்டியது, கருவிகளை அடித்து நொறுக்கியது என்று அதைப் பற்றிப் பல கதைகள் உண்டு. எல்லா விமானத்துக்கும் ஒரே வைத்தியம் நடந்திருக்காது. கடைசி வாரத்தில் சலிப்பான சிப்பாய்களிடம் சுத்தியலைக் கொடுத்து நூறு விமானங்களை உடைக்கச் சொன்னால், முதல் பத்தை ஆசையாக உடைப்பார்கள், பிறகு கை ஓய்ந்துவிடும். ஒன்றில் இறக்கை போயிருக்கும், இன்னொன்றில் இறக்கை பத்திரமாக இருந்து மூக்கு போயிருக்கும். இது என் யூகம். ஆனால் பிற்பாடு நடந்ததைப் பார்த்தால் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

1947 அக்டோபரில் காஷ்மீர் போர் தொடங்கியபோது இந்திய விமானப்படையிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. ஆட்களையும் அரிசி மூட்டையையும் ஏற்றிப்போகிற டகோட்டாவின் கதவு வழியாகக் குண்டைக் கையால் தள்ளிவிட்டார்கள். இது பேச்சுக்குச் சொல்வதல்ல, நிஜமாகவே நடந்தது. புதிதாக வாங்க அந்நியச் செலாவணி இல்லை, விற்க ஆளும் இல்லை. அப்போதுதான் கான்பூர் குவியல் யாருடைய கண்ணிலோ பட்டிருக்கிறது. வெளிநாட்டு நிபுணர்கள் வந்து பார்த்து, இதைப் பறக்கவைக்க முடியாது என்று கையை விரித்துவிட்டதாகச் சொல்வார்கள். வேலை பெங்களூர் தொழிற்சாலைக்கு வந்தது.

இந்த இடத்தில் பொதுவாக 'இந்தியர்களின் அபாரத் திறமை' என்று ஒரு பத்தி வரும். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. திறமை இல்லை என்பதல்ல, வானத்திலிருந்து குதித்த திறமை இல்லை என்கிறேன். வால்சந்த் ஹீராசந்த் 1940-இல் தொடங்கிய இந்தத் தொழிற்சாலையைப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவம் தன் பழுதுபார்க்கும் களமாக ஆக்கிக்கொண்டது. டகோட்டாக்களும் கேடலினா கடல் விமானங்களும் வரிசையாக இங்கே வந்து பிரிக்கப்பட்டு, கழுவப்பட்டு, திரும்பப் பூட்டப்பட்டன. டகோட்டாவில் இருந்தது பிராட் அண்ட் விட்னியின் ட்வின் வாஸ்ப், பதினான்கு சிலிண்டர் எஞ்சின். கேடலினாவிலும் அதே எஞ்சின் குடும்பம். லிபரேட்டரிலும் அதேதான், இரண்டுக்குப் பதில் நான்கு. ஆக, கான்பூரில் போய் நின்ற பெங்களூர்க்காரர்களுக்கு உடம்புதான் புதிது, இதயம் ஏற்கெனவே பலமுறை பிரித்துப் பூட்டியது. உலகத்தில் வேறெங்கோ இருந்து வந்து பார்த்த நிபுணருக்குக் குப்பையாய்த் தெரிந்தது இவர்களுக்கு உதிரிபாகக் கிடங்காய்த் தெரிந்ததில் ஆச்சரியம் என்ன?

ஒன்றின் இறக்கை, இன்னொன்றின் வால் என்று சேர்த்து, பெங்களூர் வரைக்கும் பறந்தால் போதும் என்ற அளவுக்குக் கான்பூரிலேயே தேற்றினார்கள். முழு வேலை பெங்களூரில். நடுவில் 1,500 கிலோமீட்டர். அதை ஓட்டி வந்தவர் தொழிற்சாலையின் சோதனை விமானி ஜம்ஷெட் கைகோபாத் முன்ஷி. அதற்கு முன் அவர் லிபரேட்டர் ஓட்டியதில்லை, கையேட்டைப் படித்துவிட்டு ஓட்டினார் என்று எழுதப்பட்டிருக்கிறது. யோசித்துப் பாருங்கள். வேண்டுமென்றே உடைக்கப்பட்ட விமானம். எங்கெங்கே உடைத்தார்கள் என்ற பட்டியல் கிடையாது. கண்டுபிடித்ததைச் சரிசெய்தாகிவிட்டது, கண்டுபிடிக்காததுதான் பாக்கி. நான் மென்பொருள் எழுதுகிறவன். வேறொருவன் கோபத்தில் கெடுத்துவைத்துவிட்டுப் போன ப்ரோகிராமை எடுத்து ஓட்டவேண்டி வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அது நின்றுபோனால் நான் தரையில்தான் இருப்பேன். முன்ஷி ஒரு தடவையோடு நிறுத்தவில்லை, திரும்பத் திரும்பப் போய் ஓட்டி வந்தார். மொத்தத்தில் ஏறக்குறைய 40 விமானங்கள் இப்படி உயிர் பெற்றன.

1948 நவம்பரில் ஐந்தாம் ஸ்குவாட்ரன் முதல் லிபரேட்டர்களோடு உருவானது. பிறகு ஆறாம் ஸ்குவாட்ரன், புனேயை மையமாக வைத்துக் கடல் ரோந்து. 1957-இல் ஐந்தாம் ஸ்குவாட்ரனுக்கு கேன்பெரா ஜெட் வந்துவிட்டது. ஆனால் நாள் முழுக்கக் கடல்மேல் சுற்ற லிபரேட்டரை விட்டால் ஆளில்லை. 1961 கோவா நடவடிக்கையிலும் பறந்தது. 1968 கடைசியில்தான் ஓய்வு கொடுத்தார்கள். அதற்குள் உலகத்தின் மற்ற நாட்டுப் படைகளில் லிபரேட்டர் இல்லாமலே போயிருந்தது. அமெரிக்கர்கள் தங்களுடையதை உருக்கி அலுமினியமாக்கி இருபது வருஷத்துக்குமேல் ஆகியிருந்தது.

*

எங்கள் வீட்டுக்காரர் ஹெச்.ஏ.எல்.லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழர்தான், குடியாத்தம் பக்கம். 1959-இல் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்து, ஷீட் மெட்டல் ஷாப்பில் முப்பத்தொன்பது வருஷம். மாதம் ஒருமுறை வாடகை, தண்ணீர் மோட்டார், இவற்றைத் தாண்டி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அந்த அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே போய், "சார், நீங்க லிபரேட்டர்னு ஒரு பிளேன் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னார்.

"நான் சேர்ந்தப்ப ஓவர்ஹாலுக்கு வந்து நிக்கும் தம்பி. கான்பூர் போனவங்க எல்லாம் எனக்கு சீனியருங்க. எனக்கு ரிவிட் அடிக்கச் சொல்லிக்கொடுத்தவரே அங்க போனவர்தான். பேச மாட்டார். தப்பா அடிச்சா ரிவிட்டைத் துளைபோட்டு எடுக்கச் சொல்லி மறுபடி நிக்க வைப்பார், அவ்வளவுதான்."

லிபரேட்டரின் வயிற்றுக்குள் குண்டு அறையின் நடுவே ஒரு நடைபலகை உண்டு. ஒன்பது அங்குல அகலம்தான். முன்பகுதியிலிருந்து வால்பகுதிக்குப் போக அதுதான் வழி. பாரசூட் கட்டிய சிப்பாய்கள் அதில் மாட்டிக்கொண்டு திணறிய கதைகள் அமெரிக்க நினைவுக்குறிப்புகளில் நிறைய. பெரியவர் அதைக் கையால் அளந்து காட்டினார். சரியாக ஒரு சாண். "நான் அப்ப ஒல்லி. அதனால உள்ள போற வேலையெல்லாம் எனக்குத்தான். வெளியில ஒருத்தர் துப்பாக்கி பிடிச்சு அடிப்பார், உள்ள நான் இரும்புக் கட்டையை ரிவிட் மூக்குல ஒட்டிப் பிடிக்கணும். காது போச்சு." சிரித்துக்கொண்டே இடது காதைத் தட்டினார். இத்தனை மாதமாக நான் வாடகை விஷயமாகச் சொன்ன பாதி அவருக்குக் கேட்டிருக்காது என்று அப்போதுதான் புரிந்தது.

பேச்சு முடிந்து நான் எழுந்தபோது அவர் கேட்டார். "அதெல்லாம் உருக்கியிருப்பாங்க இல்ல?"

*

இல்லை. இங்கேதான் எனக்குச் சினிமா ஞாபகம் வந்தது.

பழைய போர் விமானங்கள் பலவற்றைக் காப்பாற்றியது வரலாற்றுணர்வு அல்ல, ஹாலிவுட். 1946-இல் பால் மான்ட்ஸ் என்ற சினிமா ஸ்டண்ட் விமானி, போர் உபரியாக நின்ற 475 விமானங்களை மொத்தமாக 55,000 டாலருக்கு வாங்கினார். டேங்குகளில் மிச்சமிருந்த பெட்ரோலை விற்றே போட்ட பணத்தை எடுத்துவிட்டார் என்பார்கள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். படத்துக்கும் பந்தயத்துக்கும் ஆகும் என்று பத்துப் பன்னிரண்டை எடுத்து வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டார். அப்படிப் போனதில் லிபரேட்டர்கள் ஏராளம். 1949-இல் வந்த 'ட்வெல்வ் ஓ கிளாக் ஹை' படத்தில் ஒரு பி-17 வயிற்றால் தரையில் இழுத்துக்கொண்டு வந்து விழும். தந்திரக் காட்சி இல்லை, மான்ட்ஸே தனியாக உள்ளே உட்கார்ந்து நிஜமாகத் தரையில் மோதவிட்டார். பிறகு 'கேட்ச்-22' படத்துக்காக அவருடைய நிறுவனம் மூலைமுடுக்கெல்லாம் தேடி 17 பி-25 விமானங்களைப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்தது. மான்ட்ஸ் அதற்குள் வேறொரு படப்பிடிப்பில் இறந்துபோயிருந்தார். அந்த பி-25-களில் பெரும்பாலானவை இன்றைக்கும் ஏதாவது ஒரு அருங்காட்சியகத்திலோ தனியாரிடமோ இருக்கின்றன. படம் ஓடியதோ இல்லையோ, விமானம் பிழைத்தது.

லிபரேட்டருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கேமராவுக்கு ஏற்ற முகம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹாலிவுட்டின் பெரிய நட்சத்திரங்களில் ஒருவரான ஜேம்ஸ் ஸ்டூவர்ட், இங்கிலாந்தில் இருந்த அமெரிக்கப் படையில் நிஜமாகவே லிபரேட்டர் ஓட்டி ஜெர்மனி மேல் குண்டு போட்டவர், ஸ்குவாட்ரன் தலைவராக இருந்தவர். திரும்பி வந்து அவர் விமானியாக நடித்த பெரிய படம் 1955-இல் வந்த 'ஸ்ட்ராடஜிக் ஏர் கமாண்ட்'. அதில் அவர் ஓட்டுவது பி-36-உம் பி-47-உம். தான் சாவைப் பார்த்த விமானத்தில் அவர் நடிக்கவேயில்லை. நடிக்க வேண்டுமென்றாலும் அதற்குள் அமெரிக்காவில் பறக்கிற லிபரேட்டரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்திருக்கும். 2014-இல் ஏஞ்சலினா ஜோலி எடுத்த 'அன்புரோக்கன்' லிபரேட்டர்க்காரர்களின் கதை. அதில் விமானம் பறப்பதெல்லாம் கம்ப்யூட்டர்.

ஆக பி-17-ஐயும் பி-25-ஐயும் சினிமா காப்பாற்றியது என்றால், லிபரேட்டரைக் காப்பாற்றியது ஏழை நாடு ஒன்றின் தேவை. வேறு வாங்கக் காசில்லாததால் நாம் ஓட்டிக்கொண்டே இருந்தோம். ஓட்டிக்கொண்டே இருந்ததால் எண்ணெய் போட்டோம், ரிவிட் மாற்றினோம். 1960-களின் கடைசியில் மேலைநாட்டு அருங்காட்சியகங்கள் திடீரென்று விழித்துக்கொண்டு 'ஐயோ, லிபரேட்டர் எங்கே?' என்று தேடியபோது, அது புனேயில் கிளம்பத் தயாராக நின்றுகொண்டிருந்தது.

முதலில் வந்தது கனடா. 1968-இல் ஒன்றைக் கொடுத்துப் பதிலுக்கு லைசாண்டர் ஒன்றை வாங்கினோம். நல்ல வியாபாரம் என்று சொல்வேன். 1942-இல் பர்மாவில் நம் முதலாம் ஸ்குவாட்ரன் பறந்தது லைசாண்டரில்தான். அடுத்து 1969-இல் அமெரிக்காவின் அரிசோனாவுக்கு ஒன்று, புனேயிலிருந்து பறந்தே போனது. இன்றைக்கு டூசான் நகரத்து பிமா அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1974-இல் ஒன்று இங்கிலாந்துக்குப் பறந்தது. அது போர்க்காலத்தில் கொகோஸ் தீவுகளில் இருந்த பிரிட்டிஷ் ஸ்குவாட்ரனின் விமானம். அதாவது உடைத்துப் போட்டுவிட்டுப் போனவர்கள், கால்நூற்றாண்டு கழித்து, 'அதில் ஒன்று கிடைக்குமா' என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நாமும் கொடுத்தோம். இதில் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஒரு சின்ன நமட்டுச் சிரிப்பு மட்டும்.

மிச்சமிருந்த சிலவற்றை 1980-களின் தொடக்கத்தில் டக் ஆர்னால்டு என்ற பிரிட்டிஷ் சேகரிப்பாளர் போன்றவர்கள் வாங்கிப் போனார்கள். அப்படிப் போனதுதான் ஹெச்.ஈ. 771. 1984-இல் காலிங்ஸ் அமைப்பு அதை வாங்கி, ஃப்ளோரிடாவில் ஐந்து வருஷம் வேலை செய்து, 1989-இல் மறுபடி பறக்கவிட்டது. உலகத்தில் பறக்கும் நிலையில் இருந்த லிபரேட்டர்கள் இரண்டே இரண்டு என்று ரொம்ப காலம் இருந்தது. அதில் ஒன்று பெங்களூர் ரிவிட்டோடு பறந்தது.

*

இனி எனக்கு உறுத்துகிற விஷயம்.

ஹெச்.ஈ. 771 டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் 1944 ஆகஸ்டில் செய்யப்பட்டது. அதன் போர்க்கால வாழ்க்கை ஒரு வருஷத்துக்குச் சற்று அதிகம், அதுவும் பிரிட்டிஷ் நிறத்தில். இந்திய வாழ்க்கை இருபது வருஷம். ஆனால் அமெரிக்காவில் அதற்குப் பூசிய பெயர்களைப் பாருங்கள். 1989-இல் 'ஆல் அமெரிக்கன்'. 1998-இல் 'தி டிராகன் அண்ட் ஹிஸ் டெயில்', பசிபிக் போர்முனை விமானம் ஒன்றின் வேஷம். 2005 முதல் 'விட்ச்கிராஃப்ட்'. நிஜமான விட்ச்கிராஃப்ட் இங்கிலாந்திலிருந்து 130 தடவை போய்வந்த வேறு விமானம், அது எப்போதோ உருகிப்போயிற்று. இல்லாத ஒன்றின் பெயரை, இருக்கிற ஒன்று சுமக்கிறது. எங்கள் தொழிலில் ஒரு ப்ரோகிராமின் ஒவ்வொரு மாற்றமும் யார் செய்தது, எப்போது செய்தது என்று பதிவாகிக்கொண்டே வரும். சில சமயம் 'சுத்தம் பண்ணுகிறேன்' என்று நடுவில் உள்ள பதிவுகளை ஒருவன் மடித்து ஒன்றாக்கிவிடுவான். ப்ரோகிராம் ஓடும், ஆனால் நடுவில் உழைத்தவன் பெயர் இருக்காது.

கனடாவில் நிற்பது கனடா நிறத்தில். அரிசோனாவில் நிற்பது அமெரிக்க நிறத்தில். லண்டன்காரர்களுடையது பிரிட்டிஷ் நிறத்தில். ஃப்ளோரிடாவில் கெர்மிட் வீக்ஸ் என்ற சேகரிப்பாளரிடம் ஒன்று, அதுவும் நம்மிடமிருந்து போனதே. இந்திய வட்டச் சின்னத்தோடு நிற்பது டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஹெச்.ஈ. 924 மட்டும்.

முதலில் எனக்கு நல்ல கோபம். பிறகு யோசித்தபோது அந்தக் கோபம் முழுக்க நியாயம் இல்லை என்று பட்டது. லிபரேட்டரில் இறந்த அமெரிக்கப் பையன்கள் ஆயிரக்கணக்கில். அவர்களுடைய குடும்பம் ஒரு விமானத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்று வரும்போது அதில் வேறு நாட்டுச் சின்னம் இருந்தால் எப்படியிருக்கும்? நாமும் அதையேதான் செய்கிறோம். 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் முதல் சிப்பாய்களை இறக்கிய டகோட்டாவின் எண் வி.பி. 905. 2018-இல் இந்திய விமானப்படையில் சேர்ந்த 'பரசுராமா' என்ற டகோட்டா அந்த எண்ணைத்தான் சுமக்கிறது. அதன் உடம்பு இங்கிலாந்தில் பழுதுபார்த்துக் கொண்டுவரப்பட்ட வேறு டகோட்டா. அது பறந்து வந்தபோது நான் கைதட்டினேன். அதற்கு முன்னால் அது எந்த நாட்டில் யாரிடம் உழைத்தது என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

பறக்கவிடலாமா கூடாதா என்பதும் இப்படித்தான். பிராட்லி விபத்தை விசாரித்தவர்கள் எஞ்சின் பராமரிப்பில் குறைகள் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். 2020-இல் அந்த அமைப்பு ஆட்களை ஏற்றிப் பறக்கும் அனுமதியை இழந்தது. ஏழு உயிர் போன பிறகு அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் நின்றுபோன விமானத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் மெல்ல இல்லாமல் போவார்கள். எந்த நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது புத்தகத்தில் பாதிதான் இருக்கிறது. மீதி, பேசவே பேசாமல் ரிவிட்டைத் துளைபோட்டு எடுக்கச் சொன்ன அந்த மனிதரைப் போன்றவர்களிடம் இருந்தது.

*

அடுத்த ஞாயிறு பெரியவரை ஆட்டோவில் பழைய விமான நிலையச் சாலையில் இருக்கும் ஹெச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். மாருத் முன்னால் நின்று ரொம்ப நேரம் பேசினார். புஷ்பக்கைத் தட்டிப் பார்த்தார். கேன்பெரா நின்றது. லிபரேட்டர் இல்லை. அங்கே எழுந்து பறந்தவற்றில் ஒன்றுகூட அந்த ஊரில் இல்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேன்டீனில் ஒரு காபி வாங்கிக்கொடுத்தால் போதும் என்றார்.

காபி குடிக்கும்போது போனில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினேன். விட்ச்கிராஃப்ட் ஓடுபாதையில் நகர்ந்து, நான்கு எஞ்சினும் முழங்க மேலே எழும் காட்சி. அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, போனை வலது காதுப் பக்கம் வைத்துச் சத்தத்தை மட்டும் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகுதான் படத்தைப் பார்த்தார்.

"நம்ம வண்டியா இது?"

"ஆமா சார். எண் 771."

"பேர மாத்திட்டாங்க."

"ஆமா."

"மாத்திக்கட்டும். ஓடுது இல்ல?" திரும்ப முதலிலிருந்து போடச் சொன்னார். வயிற்றுக் கதவு தெரிகிற இடத்தில் நிறுத்தச் சொன்னார். லிபரேட்டரின் குண்டு அறைக் கதவு வெளியே திறக்காது, கடை ஷட்டர் மாதிரி பக்கவாட்டில் சுருண்டு மேலேறும். "இதுல கை மாட்டி ஒருத்தனுக்கு நகம் போச்சு" என்றார். யார், என்ன என்று சொல்லவில்லை.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது கேட்டார். "டெல்லியில ஒண்ணு இருக்குன்னியே. கொட்டகைக்குள்ளயா, வெளியிலயா?"

"வெளியிலதான் சார் நிக்குது. போட்டோவுல பார்த்தேன்."

கொஞ்ச தூரம் ஒன்றும் பேசவில்லை. கோனேன அக்ரஹாரா சிக்னல் அருகில் என் கையைத் தட்டினார்.

"தம்பி, நீ இதையெல்லாம் எழுதறவன்தானே. ஒண்ணு எழுதிப் போடு. அடிவயித்துல வரிசையா சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், தண்ணி வடியறதுக்கு. பெயின்ட் அடிக்கறவன் அதையும் சேர்த்து அடிச்சு அடைச்சிருவான். அடைச்சா உள்ள தண்ணி நின்னு உப்புப் பூத்துரும். வருஷத்துக்கு ரெண்டு தடவை கம்பி விட்டுக் குத்திவிடச் சொல்லு."